டிகிரி அட்டஸ்டேஷன்: ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவப் பகிர்வு

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் ‘சபுர்’ (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவது) என்றால் வீட்டுக்கு ஒரு கதை இருக்கும். கடை வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போனவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் போதுமாக இருந்தன. ஆங்கில ஆசிரியராகப் போகிறவரிடம் போகும் நாடு பட்டத்தையே தோண்டித் துருவும். அதற்காக டிகிரிக்கு அரசு, தூதரக முத்திரைகள் வாங்கும் வேலைதான் அட்டஸ்டேஷன். பி.ஏ., பி.எட். முடித்து, வளைகுடாவில் இரண்டு மூன்று ஒப்பந்தங்களைத் தாண்டியவர்களின் கோப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வெளியுறவு அமைச்சக முத்திரையிலோ தூதரக முத்திரையிலோ சிக்கியவர்கள் குறைவு. பெயரிலும் பல்கலைக்கழகப் பதிலிலும் சிக்கியவர்களே அதிகம். ஏஜென்ட் கையில் காசைக் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். நம் பக்கத்துச் சான்றிதழ்களில் இனிஷியலும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் ‘கிவன் நேம்’, ‘சர்நேம்’ என்று இரண்டு கட்டம். ஒருவர் அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டிருப்பார், இன்னொருவர் அந்தக் கட்டத்தையே காலியாக விட்டிருப்பார். வெளிநாட்டில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து அப்பா பெயரின் சுருக்கம் என்று தெரியாது. அவருக்கு அது வேறு ஆள். இத்தோடு எழுத்துக்கூட்டல் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். முகமது என்ற பெயர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒற்றை ‘எம்’முடனும், டிகிரியில் இரட்டை ‘எம்’முடனும், பாஸ்போர்ட்டில் ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘யு’வுடனும் இருக்கும். செய்யது, அப்துல் என்று தொடங்கும் பெயர்களிலும் இதே கதை. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் அந்தோணி என்ற பெயரில் ஒரு ‘எச்’ வரும் போகும்.

இதற்கு மருந்து இரண்டு வகை. இனிஷியலை விரித்ததால் மட்டும் வந்த வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் பெரும்பாலும் போதும். அதில் ஒவ்வொரு ஆவணத்தின் எண்ணையும், அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்தும் எழுத வேண்டும். ‘என் எல்லாச் சான்றிதழ்களும் எனக்குரியவை’ என்று பொதுவாக எழுதிய பத்திரம் எங்கும் எடுபட்டதில்லை. எழுத்துக்கூட்டலே வேறு என்றால் பாஸ்போர்ட்டை டிகிரிக்கு ஏற்பத் திருத்துவதுதான் எளிது. டிகிரியைத் திருத்தப் போனால் பள்ளிச் சான்றிதழிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். பெயரையே மாற்றியவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு கட்டாயம். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விசிட் விசாவில் வருவோரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் உள்ளவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்று நினைக்கும் ஆசிரியர்கள் பாஸ்போர்ட்டின் அந்தக் காலிக் கட்டத்தை முதலில் நிரப்பிக்கொள்வது நல்லது.

அடுத்தது பல்கலைக்கழகம். எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்பதைவிட, எந்த ஆண்டில் படித்தீர்கள் என்பதே எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மாவட்டக் கல்லூரிகள் முன்பு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பிறகு காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. ஒரே கல்லூரியில் படித்த அக்காவின் பட்டம் மதுரையில், தங்கையின் பட்டம் காரைக்குடியில் என்று இருக்கும் வீடுகள் உண்டு. பி.எட். இன்னும் வேறு: தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல் உருவானது, அதன்கீழ் படித்தவர்களின் பி.எட். பதிவேடு சென்னையில் இருக்கிறது. ஆகவே பி.ஏ.வுக்குக் காரைக்குடி, பி.எட்.டுக்குச் சென்னை, பிளஸ் டூவுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் என்று ஒரே கோப்புக்காக மூன்று இடங்களில் உண்மைத்தன்மைச் சான்று (சான்றிதழ் அசல்தான் என்ற கடிதம்) வாங்க வேண்டியிருக்கும். மூன்றுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். ஒன்று வந்தபின் அடுத்தது என்று போனால் மாதங்கள் ஓடிவிடும்.

பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டியவை நான்கு: உண்மைத்தன்மைச் சான்று, மூடி முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகமே தொகுத்துத் தரும் மதிப்பெண் விவரம்), பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற சான்று, ரெகுலராகப் படித்ததா தொலைநிலையில் படித்ததா என்று சொல்லும் கடிதம். கடைசிக் கடிதத்தைப் பலர் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். வளைகுடாவில் பட்டத்தை அங்கீகரிக்கும் அதிகாரிகள் படித்த முறையைக் கட்டாயம் பார்ப்பார்கள். தொலைநிலைப் பட்டத்தை வைத்து ஆசிரியர் வேலை கிடைப்பது பல இடங்களில் கடினம். புரொவிஷனல் (தற்காலிக) சான்றிதழை வைத்து எந்த அட்டஸ்டேஷனும் தொடங்க வேண்டாம். கான்வகேஷன் டிகிரி வாங்காமல் வருடக்கணக்கில் விட்டவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். மொத்த மதிப்பெண் பட்டியல் மட்டும் போதும் என்று செமஸ்டர் மார்க் ஷீட்டுகளை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். சில இடங்களில் செமஸ்டர் வாரியாகத்தான் கேட்பார்கள்.

தேதிகளையும் ஒருமுறை பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.எட். ரெகுலராகப் படித்த அதே மாதங்களில் பள்ளி அனுபவச் சான்றும் இருந்தால், சரிபார்ப்பவர் இரண்டையுமே சந்தேகிப்பார். பி.எட். நடந்துகொண்டிருக்கும்போதே தொலைநிலையில் எம்.ஏ. எழுதியவர்களுக்கும் இதே சிக்கல். இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க யூ.ஜி.சி. அனுமதித்தது 2022 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பட்டங்களில் தேதி மோதினால், எதை முன்வைப்பது என்று விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பி.எட்.டின் காலமும் கேள்விக்குள்ளாகும். 2015 முதல் அது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதற்கு முன் ஓராண்டு. பழைய பி.எட். வைத்திருப்பவரிடம் ‘ஏன் ஒரே ஆண்டு?’ என்று வெளிநாட்டில் கேட்பது வழக்கம். அன்றைய விதிப்படி அது முழுப் படிப்புதான் என்று பல்கலைக்கழகத்திடம் ஒரு வரிக் கடிதம் வாங்கி வைத்தவர்களுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளில் முடிந்தது.

கடற்கரைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. உப்புக்காற்றுக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் பயந்து டிகிரியை லேமினேட் செய்து வைக்கும் பழக்கம் இங்கே ரொம்ப அதிகம். முத்திரைகள் விழுவதும் அப்போஸ்டில் (உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஏற்கும் வெளியுறவு அமைச்சகச் சான்று) ஸ்டிக்கர் ஒட்டுவதும் சான்றிதழின் பின்பக்கத்தில். லேமினேட் செய்த தாளில் மை பிடிக்காது. உரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து உரிக்கப் போய் துணைவேந்தர் கையெழுத்தோ பல்கலைக்கழக முத்திரையோ பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டால், டூப்ளிகேட்தான் வழி. ஒரு ஓரம் கிழிந்தாலும் கைவைக்காமல் நிறுத்திவிட்டு டூப்ளிகேட்டுக்கே விண்ணப்பியுங்கள். பாதுகாக்க ஒட்டாத பிளாஸ்டிக் உறை, அதற்குள் சிலிகா ஜெல் பை ஒன்று, காற்றுப் புகாத டப்பா; இது போதும்.

இனி முத்திரைகள். வரிசை இதுதான்: பல்கலைக்கழகம், மாநில அரசின் கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம். அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ள நாடு என்றால் அத்தோடு முடிந்தது. இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமனும் பஹ்ரைனும் இந்த உடன்படிக்கையில் உள்ளன. சவூதி 2022 டிசம்பர் 7 முதல் சேர்ந்தது. அமீரகம், கத்தார், குவைத் போவோருக்கு அமைச்சக முத்திரைக்குப் பின் அந்தந்த நாட்டுத் தூதரக முத்திரையும், அமீரகத்தில் இறங்கிய பின் அங்குள்ள வெளியுறவு அமைச்சக முத்திரையும் சேரும். நம் வெளியுறவு அமைச்சகம் ஆவணங்களை நேரில் வாங்குவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்கள் வழியே போக வேண்டும். அப்போஸ்டில் அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். மையத்தின் கட்டணம் தனி. சென்னையிலேயே இது நடக்கிறது. ராத்திரி சேது எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். ஏஜென்ட் கேட்கும் தொகையில் அரசுக்குப் போவது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவாவது ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

ஏஜென்ட் வழியில் போனால் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: மாநிலக் கல்வித் துறை வழியா, டெல்லி எஸ்.டி.எம். (துணைக் கோட்ட மாஜிஸ்திரேட்) வழியா? எஸ்.டி.எம். வழி சில நாட்களில் முடியும், விலையும் குறைவு. ஆனால் பல்கலைக்கழகத்தில் யாரும் எதையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். கடைக் கணக்கு வேலைக்கு அது செல்லலாம். ஆசிரியர் பணிக்குக் கல்வித் துறை முத்திரையைத்தான் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. முதல் ஒப்பந்தத்தை எஸ்.டி.எம். முத்திரையோடு கடந்து, இரண்டாம் ஒப்பந்தத்துக்கு நாடு மாறும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தவர்கள் உண்டு.

அப்போஸ்டில் எதைச் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கையெழுத்து, கையெழுத்திட்டவரின் பதவி, முத்திரை ஆகியவை உண்மை என்று மட்டுமே அது சொல்லும். பட்டம் உண்மையா என்று வேலை கொடுப்பவர் தனியாக விசாரிப்பார். வளைகுடாவில் டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கும். அங்கே பதில் வராவிட்டால் உங்கள் கோப்பில் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று பதிவாகும். தவறு உங்களுடையது இல்லை, ஆனால் வேலை நிற்கும். விண்ணப்பம் போட்ட வாரத்திலேயே பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குப் பதிவு எண், தேர்ச்சி மாதம், சரிபார்ப்பு நிறுவனத்தின் குறிப்பு எண் மூன்றையும் எழுதிக் கொடுத்து, வாரம் ஒருமுறை நினைவூட்ட வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் நேரில் போய்க் கேட்டுவந்த கோப்புகள்தான் சீக்கிரம் நகர்ந்தன. தேவகோட்டை வழியாகக் காரைக்குடிக்கு ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான். டிஜிலாக்கரில் பட்டம் இருந்தால் சரிபார்ப்பு எளிதாகும். அதற்காகக் காகிதத்தை விட்டுவிட வேண்டாம்.

கிழக்கே போக நினைப்பவர்கள் முத்திரைக்குச் செலவழிக்கும் முன் தகுதியைப் பாருங்கள். கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா ஏழு நாட்டவருக்கானது; இந்தியாவுக்கு 2010இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தால் வழி உண்டு, ஆனால் டிகிரியோடு ஆசிரியர் தகுதியும் வேண்டும். ஜப்பானில் பள்ளிகளுக்கான இன்ஸ்ட்ரக்டர் விசாவுக்கு 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்; தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து பி.ஏ. ஆங்கிலம் படித்தவருக்கு அந்தக் கணக்கு நிறையாது. சீனாவில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவரையோ, அந்நாடுகளில் பட்டம் பெற்றவரையோதான் விதி எதிர்பார்க்கிறது. 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்று இந்தத் தடைகளைத் தாண்டவைக்கும் என்று சொல்லும் விளம்பரங்களை நம்பி யாரும் நகையை அடகு வைக்க வேண்டாம்.

வருடங்கள் கழித்து எது நிலைத்தது? அப்போஸ்டிலில் காலாவதித் தேதி கிடையாது. ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் எண்ணை இணையத்தில் சரிபார்த்துப் பள்ளிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. போலீஸ் கிளியரன்ஸ் மட்டும் ஆறு மாதத்துக்குமேல் செல்லாது என்று வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய் கட்டிக் கடைசியில் எடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் உறைகளை ஒருமுறை போகும்போதே மூன்று நான்கு வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் அடுத்த நாட்டு வேலை வேகமாகக் கிடைத்தது. முத்திரை விழுந்த பின்பக்கத்தையும் சேர்த்து 300 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்து, வீட்டில் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அசல் டிகிரியைப் பள்ளி நிர்வாகம் ‘பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்’ என்று கேட்டால், காட்டிவிட்டு அன்றே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கி வைத்தே தீருவோம் என்றால், எந்தத் தேதியில் எந்த எண்ணுள்ள சான்றிதழ் என்று எழுதிய ரசீது இல்லாமல் கையைவிட்டு விடாதீர்கள்.