கலர் கட்டைகள்: இரண்டு வருடமாகியும் வெள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தோழி ஒரு லிங்க் அனுப்பி, “விலை இறங்கியிருக்குடி, வாங்கலாமா?” என்று கேட்டிருந்தாள். பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்றுத்தரும் 74 துண்டு குயிசனேர் மரக்கட்டைப் பெட்டி. டர்பனில் எங்கள் வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேலாகப் புழங்கும் அதே பெட்டிதான். வாய்ஸ் நோட்டில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் எழுதிவிடுகிறேன். 1 செ.மீ. வெள்ளையில் தொடங்கி 10 செ.மீ. ஆரஞ்சு வரை பத்து நீளம், பத்து நிறம் என்கிற அடிப்படையெல்லாம் கடைக்காரரின் பக்கத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இன்று காலை பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் அவசரத்தில் வெறுங்காலால் ஒரு வெள்ளைக் கட்டையை மிதித்தேன். கூர்முனை குதிகாலில் ஏறிய வலி இன்னும் இருக்கிறது. கீழே வருவதைப் படிக்கும்போது அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வெள்ளை 22 வரும். சிவப்பு 12, வெளிர்பச்சை 10, ஊதா 6, மஞ்சளும் அதற்கு மேலே உள்ளவையும் தலா 4. கணக்குப் பார்த்தால் வெள்ளைதான் அதிகம், போதும் என்றுதான் தோன்றும். போதவே போதாது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் போகாத இடம் இல்லை. சோபா மெத்தையின் இடுக்கு, வாக்குவம் கிளீனரின் பை, சின்னவனின் ஷூ, மாப் வாளியின் அடி, ஒரு தடவை இட்லிமாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் உப்புக்கல் போல உட்கார்ந்திருந்தது. நீளக் கட்டை தொலைந்தால் இரண்டு சின்னதைச் சேர்த்துச் சமாளித்துவிடலாம். வெள்ளை தொலைந்தால் அதற்கு ஈடு வெள்ளைதான்; மற்ற ஒன்பதையும் அளப்பதே அதை வைத்துத்தான்.

வாங்கிய இடத்தில் வெள்ளையை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று மெயில் போட்டுக் கேட்டேன். முழு செட்டாகத்தான் தருவோம் என்று பதில் வந்தது. அதாவது ஆறு வெள்ளைக்காக 74 துண்டு. மறுபடி எழுதினேன், அதே வாசகம் அப்படியே திரும்பி வந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் ஆன்ட்டி ஒருவர், “அதுக்கென்ன, ஷுகர் பீன்ஸ் வச்சுக்க” என்றார். பீன்ஸ் விதையை எண்ணலாம், அளக்க முடியாது. இந்தக் கட்டைகளில் எண்ணிக்கை முக்கியமே இல்லை, நீளம்தான் எல்லாம். மூன்று பீன்ஸை வரிசையாக வைத்தால் வெளிர்பச்சையோடு பொருந்தாது, பிள்ளை குழம்பும்.

கடைசியில் வழி கிடைத்தது, கிடைக்க நாளானது. பள்ளிகளில் பத்து, நூறு கற்றுத்தர வைத்திருக்கும் டீன்ஸ் பிளாக்ஸ் இருக்கிறதே, அதில் ஒன்று என்பதற்கான குட்டிக் கட்டையும் சரியாக 1 செ.மீ. தான். ஸ்டேஷனரிக் கடையில் அந்த ஒன்றுகள் மட்டும் தனிப் பாக்கெட்டாகவே கிடைக்கின்றன. நிறம் வேறு, பிளாஸ்டிக் வேறு. மர வெள்ளையோடு நிற்கும்போது கண்ணை உறுத்தும். ஆனால் நீளம் இம்மி பிசகாது.

இப்போது நியாயமாகப் பேசுவோம். கணக்குக்கு இந்தப் பெட்டி நல்ல பெட்டி. இங்கே கிரேடு 1-இல் 20 வரை கூட்டல் கழித்தல், கிரேடு 2-இல் 99 வரை போகும். பிள்ளைகள் முட்டிக்கொள்ளும் இடம் பத்தைத் தாண்டும் கூட்டல். 8-உம் 5-உம் எவ்வளவு என்றால் என் மகள் இரண்டு கையையும் விரித்துவிட்டு, விரல் தீர்ந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். எட்டான பழுப்பையும் ஐந்தான மஞ்சளையும் ஒட்டி வைத்து, கீழே பத்தான ஆரஞ்சு ஒன்றை வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “அம்மா, பிரவுனுக்கு ரெண்டு வேணும். மஞ்சள்கிட்ட வாங்கிக்கலாம். அப்ப மஞ்சள்கிட்ட மூணு மிச்சம்” என்றாள். ஆரஞ்சின் ஓரத்தில் வெளிர்பச்சையை வைத்தாள், நூல் பிடித்ததுபோலப் பொருந்தியது. அதற்குப் பிறகு பத்தைத் தாண்ட விரலைத் தேடவில்லை.

நிறங்களும் சும்மா அடிக்கப்பட்டவை அல்ல. 2, 4, 8 மூன்றும் சிவப்புச் சாயலில் வரும் ஒரு குடும்பம். 3, 6, 9 பச்சையும் நீலமுமாக ஒரு குடும்பம். 5-உம் 10-உம் மஞ்சள் பக்கம். 7 மட்டும் யாரோடும் ஒட்டாமல் கருப்பாக நிற்கும். பெல்ஜியத்தில் துவான் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குயிசனேர் இதை உருவாக்கினார். வாய்ப்பாடு ஆரம்பிக்கும்போதுதான் இந்தக் குடும்பப் பிரிவின் அருமை தெரிகிறது.

இதோடு வைத்துக்கொள்ள வேறு புத்தகம் வாங்கத் தேவையில்லை. கல்வித் துறை அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாகத் தரும் கணக்குப் பயிற்சி நூல்கள் இருக்கின்றன. முதல் இரண்டு டெர்முக்கு ஒன்று, அடுத்த இரண்டுக்கு ஒன்று. அவற்றை இணையத்திலும் இறக்கிக்கொள்ளலாம். மாலையில் ஒரு பக்கம், பக்கத்தில் கட்டைப் பெட்டி, கால் மணி நேரம். அதற்கு மேல் எங்கள் வீட்டில் ஓடாது.

குறையும் உண்டு. கட்டையில் எண் எழுதியிருக்காது, அது வேண்டுமென்றே அப்படிச் செய்தது. அதனால் பிள்ளை எண்ணை விட்டுவிட்டு நிறத்திலேயே யோசிக்க ஆரம்பித்துவிடும். ஏழும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டால் “ஆரஞ்சு” என்று பதில் சொன்ன காலம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தாளில் எழுதச் சொல்லிச் சொல்லித்தான் மாறியது. கட்டையோடு விளையாட விட்டுவிட்டு நாம் சமையலறைக்குப் போய்விட்டால் இது நடக்கும்.

இன்னொன்று லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு. 2023-இல் மாலை நேரம் பாதிநாள் இருட்டில்தான் போனது. பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், இருட்டிலும் படிக்கலாம் என்று இந்தக் கட்டைகளை நான்தான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சத்தில் கரும்பச்சையும் கருப்பும் ஒன்றாகத்தான் தெரியும். 6-ஐ 7 என்று எடுத்து வைத்துவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று அழுகை. ஊதாவும் பழுப்பும் அந்த வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள். வண்ணம் அடிக்கும் கம்பெனி ஒரே ஒரு நாள் மின்சாரம் இல்லாத வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

டர்பன் ஈரத்தில் மரமூடி ஊறிக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில் திறக்க இரண்டு பேர் வேண்டும். குரங்கு விஷயமும் சொல்ல வேண்டும், டர்பனில் வெஸ்ட்வில் பக்கம் இருப்பவர்களுக்குப் புரியும். ஜன்னலைத் திறந்து வைத்த ஒரு மதியம் உள்ளே வந்த குரங்கு, தட்டிலிருந்த வாழைப்பழத்தை விட்டுவிட்டு ஆரஞ்சுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடித்துப் பார்த்துவிட்டு கூரைத் தகட்டில் எறிந்தது. பல்தடம் பதிந்த அந்தப் பத்து இன்றும் பெட்டியில் இருக்கிறது, பிள்ளைகள் முதலில் எடுப்பதும் அதைத்தான். பெயின்ட் உரியவில்லை என்பதைத் தயாரிப்பாளரின் கணக்கில் வரவு வைக்கிறேன்.

எனக்கு இந்தப் பெட்டி பிடித்துப்போனதற்குக் கணக்கு காரணமில்லை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவில் தமிழின் பெயர் அச்சிலேயே இருக்கிறது. என் மகளின் பள்ளி நேர அட்டவணையில் இல்லை, ஆங்கிலமும் ஜூலுவும்தான். தமிழ் என்றால் கோயில் சனிக்கிழமை வகுப்பு, அப்புறம் நான். பள்ளி, பூங்கா, டிவி எல்லாம் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்குத் தமிழில் முதலில் உதைப்பது நெடில்தான். ‘கால்’ என்பதைக் ‘கல்’ என்று படிப்பாள். ‘பாட்டி’ என்று எழுதச் சொன்னால் ‘பட்டி’ வரும். துணைக்கால் போடு, துணைக்கால் போடு என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

ஒரு நாள் கட்டைகளை எடுத்தேன். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. அரை செ.மீ. கட்டை கிடையாது, அதனால் எல்லாவற்றையும் இரட்டித்தேன்: மெய்க்கு வெள்ளை, குறிலுக்குச் சிவப்பு, நெடிலுக்கு ஊதா. கல் என்றால் ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும், மொத்தம் வெளிர்பச்சை நீளம். கால் என்றால் ஊதாவும் வெள்ளையும், அது மஞ்சள் நீளம். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்ததும் அவள் வாயே நீண்டது. “கா…ல்” என்றாள், விரலை ஊதாவின் மேல் ஓட்டிக்கொண்டே. பட்டி மஞ்சள், பாட்டி கருப்பு. துணைக்கால் என்ற சொல்லை அன்று நான் உச்சரிக்கவே இல்லை.

அதன்பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அம்மா 7, அப்பா 7, தாத்தா 9. பட்டாம்பூச்சி 15, ஆரஞ்சும் மஞ்சளும் வேண்டும். சாட்ஸ்வொர்த் சரியாக 10, அதில் நான்கு வெள்ளை. வெள்ளை ஏன் தீர்ந்துபோகிறது என்று இப்போது புரிந்திருக்கும். கோலத்துக்குப் புள்ளி போல, தமிழுக்கு மெய் இல்லாமல் ஒரு வரி நகராது.

சின்னவன் அடித்த கூத்துதான் உச்சம். அக்கா என்று வைத்துப் பார்த்தான், 7 வந்தது. தம்பி என்று வைத்தான், 5. அவ்வளவுதான், தூக்கி எறிந்துவிட்டான் (நான்கு வெள்ளை அன்றைக்குக் காணாமல் போனது). அக்காக்காரி வேறு, “நீ சின்னப் பையன்டா, அதான் மஞ்சள்” என்று ஏற்றிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கோவில்பட்டியிலிருந்து என் மாமனார் வீடியோ காலில் வந்தார். அழுகைச் சத்தம் கேட்டு, “என்ன தம்பீ, ஏன் அழுதீங்க?” என்றார். மகள் நிமிர்ந்தாள். “தாத்தா, இன்னொரு தடவ கூப்பிடுங்க.” அவரும் கூப்பிட்டார். அவள் கடைசிச் சிவப்பை எடுத்துவிட்டு ஊதாவை வைத்தாள். தம்பீ, 7. அக்காவோடு ஒட்டி வைத்தால் ஓரம் ஓரத்தோடு நின்றது. விளிக்கும்போது ஈறு நீளும் என்று நான் எந்த வயதில் எந்தப் பாடத்தில் படித்தேனோ, இவள் தரைவிரிப்பில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள்.

எல்லாச் சொல்லுக்கும் இது செல்லாது. ஐ வந்தால் வம்பு. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் குறுகி 1 மாத்திரையாகிவிடும், ஆகவே யானைக்கு ஊதாவும் சிவப்பும் போதும். பாட்டு, காசு மாதிரிச் சொற்களில் கடைசி உகரம் அரைதான், ஏழு வயதுக்குக் குற்றியலுகரம் எதற்கு என்று அந்தச் சொற்களை நான் எடுப்பதே இல்லை. மொழி சொல்லித்தரக் கட்டையா என்று சிரித்தவர்களுக்கு ஒரு தகவல்: 1950-களில் இந்தக் கட்டைகளை உலகம் முழுக்கக் கொண்டுபோன காலெப் கட்டெக்னோ பின்னாளில் இவற்றையே வைத்து மொழியும் கற்பித்தார், ஆசிரியர் வாயைக் கூடியமட்டும் மூடிக்கொண்டு. என்னால் முடியாத காரியம்.

இவ்வளவு சொன்ன பிறகு தோழிக்கு என் பதில்: வாங்காதே. நீ வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வருகிறவள். இது பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகர்கிற பொருள் இல்லை, கூடவே தரையில் உட்கார ஆள் வேண்டும், முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்கவும் ஆள் வேண்டும். உன் வீட்டில் தவழும் குழந்தை வேறு இருக்கிறது, 1 செ.மீ. கட்டை தொண்டைக்குள் போகிற அளவு. அது ஒன்றே போதும் வேண்டாம் என்பதற்கு. பத்துக்கு 6 கொடுக்கிறேன். நேற்று ராத்திரி கேட்டிருந்தால் 8 சொல்லியிருப்பேன், குதிகாலைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் உனக்கு என் பேச்சைக் கேட்டுப் பழக்கம் கிடையாது, எப்படியும் வாங்குவாய். அப்படி வாங்கினால் அந்த லிங்க்கிலேயே கீழே துணிப்பையில் வரும் மலிவு செட் ஒன்று இருக்கிறதே, அது வேண்டாம். குழி பிரித்த பெட்டியையே எடு. எந்த நிறம் குறைகிறது என்று மூடும்போதே தெரியும். கூடவே டீன்ஸ் ஒன்றுகள் ஒரு பாக்கெட் சேர்த்து ஆர்டர் போடு. முதல் வாரத்திலேயே தேவைப்படும்.