எட்டுப் பிள்ளைகள், எட்டுக் கல்யாணம்: பிரிட்ஜர்டன் வரிசையில் எதை வாங்கலாம், எங்கே நிறுத்தலாம்

மலையகத்தில் ஒரு நீண்ட ஆங்கிலக் காதல் நாவல் வரிசையை முதலாவதிலிருந்து கடைசி வரை ஒழுங்காகச் சேர்ப்பது லேசான காரியமில்லை. கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் மூன்றாவது கிடைக்கும். எல்ல, பண்டாரவளைப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகள் விடுதியில் விட்டுப்போன அடுக்கில் ஏழாவது கிடைக்கும். முதலாவதும் இரண்டாவதும் யார் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன என்று தேடி அலைய வேண்டும். ஆகவே ஜூலியா குவினின் பிரிட்ஜர்டன் நாவல்களைப் பற்றி இங்குள்ள வாசகர் கேட்க வேண்டிய கேள்வி, வரிசை நல்லதா இல்லையா என்பதல்ல. கையில் கிடைத்த ஒன்றைத் தனியாக வாசிக்கலாமா, எதைத் தேடிப்போய் வாங்கலாம், எந்த இடத்தில் சலிக்கத் தொடங்கும் என்பதே கேள்வி.

முதலில் அமைப்பு. லண்டனில் ஒரு வைகவுண்ட் (ஒரு பிரபுப் பட்டம்) குடும்பம். தகப்பன் இல்லை, தாய் வயலட், எட்டுப் பிள்ளைகள். ஆங்கில அகரவரிசைப்படி பெயர்கள்: அந்தனி, பெனடிக்ட், கொலின், டஃப்னி, எலொய்ஸ், பிரான்செஸ்கா, கிரெகரி, ஹயசிந்த். ஒரு நாவலுக்கு ஒரு பிள்ளையின் கல்யாணம், ஆனால் வயது வரிசைப்படி இல்லை. நான்காவது பிள்ளை டஃப்னியின் கதைதான் முதலாவது. கதை 1813இல் தொடங்குகிறது. மூத்தவன் தலையில் வீட்டுப் பொறுப்பு, தங்கைகளைக் கரைசேர்க்கும் கவலை, 'இந்தப் பிள்ளைக்கு எப்போது கல்யாணம்' என்று கேட்டுக்கொண்டேயிருக்கும் ஊர்வாய். நம் வாசகிகள் இந்த வீட்டுக்குள் தயக்கமில்லாமல் நுழைந்துவிடுவதற்கு இவைதான் காரணம். (அவர்கள் ஓயாமல் குடிக்கும் தேநீர் நம்முடையதல்ல, சீனத்துத் தேயிலை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல்தான். கதை தொடங்கும் ஆண்டில் கண்டி இராச்சியமே இன்னும் விழவில்லை.)

இந்த வரிசை சலிப்பதற்கான முதற்காரணம் வெளியான வேகத்தில் இருக்கிறது. 2000இல் இரண்டு நாவல்கள், பிறகு 2006 வரை ஆண்டுக்கு ஒன்று. முதல் வாசகர்களுக்கு ஒரு கல்யாணத்துக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் நடுவே ஒரு வருட இடைவெளி இருந்தது. அப்போது வாய்த்துடுக்கான முதியவள் லேடி டான்பரியின் கைத்தடியும் வயலட்டின் கரிசனமும் சகோதரர்களின் கேலியும் திரும்ப வந்தபோது, பழைய சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்திருக்கும். இன்று எட்டையும் ஒரே மாதத்தில் வாசிப்பவருக்கு அதே கைத்தடி, அதே கேலி, அதே கரிசனம். எழுத்து மாறவில்லை, இடைவெளிதான் போய்விட்டது. ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மாதமாவது விடுங்கள். அந்த இடைவெளியில் காதல் கதையே இல்லாத ஏதாவதொன்றை வாசியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

இரண்டாவது காரணம் கதை முடிச்சுகள். முதலாவது நாவலில் டஃப்னியும் சைமனும் தோட்டத்தில் அகப்படுகிறார்கள், கல்யாணம். இரண்டாவதில் தேனீ கொட்டிய இடத்தில் அந்தனியும் கேட்டும் அகப்படுகிறார்கள், கல்யாணம். ஐந்தாவதில் துணையில்லாமல் ஓர் ஆணின் வீட்டுக்குப் போன எலொய்ஸைத் தேடி நான்கு சகோதரர்களும் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், மறுபடி கல்யாணம். எட்டில் மூன்று முறை மானம் போய்விடும் என்ற பயம்தான் மணவறையில் உட்கார வைக்கிறது. அதேபோல எட்டு நாயகர்களில் நால்வரின் காயம் தகப்பனிடமிருந்து வருகிறது: திக்குவாய்ப் பிள்ளையென்று தகப்பன் ஒதுக்கிய சைமன், தகப்பன் செத்த வயதுக்கு மேல் தானும் வாழமாட்டேன் என்று நம்பும் அந்தனி, தகப்பனிடம் அடிபட்டு வளர்ந்த பிலிப் (ஐந்தாவது), தகப்பனின் வெறுப்பைச் சுமக்கும் கரெத் (ஏழாவது). ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் நன்றாக எழுதப்பட்ட காயங்கள்தான். அடுத்தடுத்து வாசித்தால், இருபதாம் பக்கத்திலேயே இருநூறாம் பக்கம் தெரிந்துவிடுகிறது.

இனி ஒவ்வொன்றாக. முதலாவது, 'த டியூக் அன்ட் ஐ'. தொடக்கம் மிக அழகு. நான்கு வயது வரை பேசாத பிள்ளையையும் அவனைக் காப்பாற்றும் தாதியையும் சொல்லும் முன்கதை, வரிசை முழுவதிலும் உள்ள மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. பொய்யாகக் காதலிப்பதுபோல நடிக்கும் பகுதி வேகமாக ஓடுகிறது. ஆனால் கல்யாணத்துக்குப் பின், குடிபோதையில் இருக்கும் கணவனின் விருப்பத்தை மீறி டஃப்னி நடந்துகொள்ளும் காட்சி ஒன்று உண்டு. நாவல் அதை லேசாகக் கடந்து போகிறது; அப்படிக் கடக்கத் தகுந்த விஷயமல்ல அது. பதின்ம வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் வாசித்துவிடுவது அவசியம். வரிசை முழுவதுமே படுக்கையறைக் காட்சிகள் உள்ளதுதான். பாடசாலை நூலகத்துக்கு ஏற்றதல்ல.

இரண்டாவது, 'த வைகவுண்ட் ஹூ லவ்ட் மீ'. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். அந்தனியின் தகப்பன் முப்பத்தெட்டு வயதில் தேனீ கொட்டிச் செத்தவர். அந்தப் பயத்தோடு வாழும் ஒருவன், காதல் வராத ஒரு பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளத் தீர்மானிக்கிறான். அவள் அக்கா கேட் குறுக்கே நிற்கிறாள். பிரிட்ஜர்டன் வீட்டார் பால்மால் பந்து விளையாடும் அத்தியாயம் எட்டு நாவலிலும் உச்சம்: ஒரு குடும்பத்தின் பாசம், போட்டி, பொறாமை எல்லாவற்றையும் ஒரு மரச் சுத்தியலைக் கொண்டே காட்டிவிடுகிறார். உரையாடல் அதிகம், வாக்கியங்கள் சின்னவை; சாதாரண தர ஆங்கிலத்தோடு தட்டுத் தடுமாறியாவது முடித்துவிடலாம். பட்டங்கள் குழப்பினால், மேலிருந்து கீழாக டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே வைத்துக்கொண்டால் போதும். இதிலிருந்தே தொடங்கினாலும், டஃப்னியின் கல்யாணம் முடிந்துவிட்டது என்பதைத் தவிர வேறெதுவும் உடையாது.

மூன்றாவது பெனடிக்டின் கதை. ஏர்ல் ஒருவரின் முறைதவறிப் பிறந்த மகள் சோஃபி, முகமூடி விருந்து, பிறகு வேலைக்காரியாக மறுசந்திப்பு. தன்னோடு ஆசைநாயகியாக வந்து இருக்கும்படி அவன் கேட்கும்போது, தன் பிறப்பை நினைத்து அவள் மறுக்கும் இடத்தில் நாவல் நிமிர்ந்து நிற்கிறது. தனியாக வாசிக்கலாம்.

நான்காவது, 'ரொமான்சிங் மிஸ்டர் பிரிட்ஜர்டன்', வரிசையின் முதுகெலும்பு. முதல் மூன்று நாவல்களிலும் அத்தியாயத் தலைப்பில் லேடி விசில்டவுன் என்பவரின் ஊர்வம்புப் பத்திரிகைத் துணுக்கு ஒன்று வரும். அவர் யார் என்பது இங்கேதான் தெரிகிறது. இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணமாகாத பெனலபி, அவள் பல வருடமாக நேசித்த கொலின், அவளுடைய எழுத்தைப் பார்த்து அவனுக்கு வரும் பொறாமை: எல்லாம் முதிர்ச்சியாக எழுதப்பட்டவை. வரிசைக்குப் புதியவர்கள் இதை முதலில் எடுத்துவிடாதீர்கள். முதல் மூன்றில் ஓரமாக நின்ற பெனலபியைப் பார்த்திருந்தால்தான், அவள் நடுக்கூடத்துக்கு வரும்போது நெஞ்சு நிறையும். ஐந்தாவது முதல் அந்த இரகசியம் வெளிப்படையாகிவிடுவதால், ஐந்து முதல் எட்டு வரையில் எது முதலில் கையில் கிடைத்தாலும் நான்காவதை முடிக்கும் வரை பிரிக்காமல் வையுங்கள். நெட்பிளிக்ஸ் தொடர் 2020இல் முதல் பருவத்தின் முடிவிலேயே அதை உடைத்துவிட்டது. மூன்றாம் பருவத்தில் பெனடிக்டைத் தாண்டிக் கொலினுக்குப் போய்விட்டது. தொடரைப் பார்த்துவிட்டு வருபவர் புத்தக வரிசையைத் திரையை வைத்துக் கணக்கிட்டால் தடுமாறிப்போவார்.

வரிசையை நிறுத்த நல்ல இடம் இந்த நான்காவதுதான். விசில்டவுன் துணுக்குகள் போனதும் நாவல்களின் காரம் குறைகிறது. ஐந்தாவதில் அவற்றின் இடத்தில் எலொய்ஸின் கடிதங்கள் வருகின்றன; இரட்டைப் பிள்ளைகளோடு திணறும் பிலிப்பின் வீடு நம்பும்படி இருக்கிறது, ஆனால் முன்னே சொன்ன கதவுடைப்புக் காட்சி நாவலை முறித்துவிடுகிறது. இதைத் தவறவிட்டாலும் நட்டமில்லை.

ஆறாவதுதான் விதிவிலக்கு. 'வென் ஹி வொஸ் விக்கட்' மற்ற ஏழின் சாயலிலும் இல்லை. பிரான்செஸ்கா தன் கணவன் ஜோனோடு சந்தோஷமாக வாழ்பவள். அவன் திடீரென்று செத்துவிடுகிறான். அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் மைக்கல், அவள் கல்யாணத்துக்கு முப்பத்தாறு மணித்தியாலம் முன்பே அவளை நேசிக்கத் தொடங்கியவன். இப்போது செத்தவனின் பட்டமும் வீடும் இவனுக்கு வருகின்றன. குற்ற உணர்வு தாங்காமல் இந்தியாவுக்கு ஓடி, மலேரியாவோடு திரும்புகிறான். விதவை மறுமணம் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்த வாசகிக்கு இது மற்ற ஏழையும்விட ஆழமாக இறங்கும். ஒரு பெண் இரண்டு ஆண்களை உண்மையாக நேசித்திருக்கலாம், இரண்டாவது அன்பு முதலாவதைப் பொய்யாக்காது என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன ஜனரஞ்சக நாவல்கள் குறைவு. நான்கு, ஐந்து, ஆறு மூன்றின் சம்பவங்களும் 1824இல் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே ஐந்தைத் தாண்டி நான்கிலிருந்து ஆறுக்குப் போனாலும் கதை அறுபடாது.

ஏழாவது, கரெத்தின் பாட்டியின் இத்தாலிய நாட்குறிப்பை வைத்து நகை தேடும் விறுவிறுப்பு. அதில் சலிப்பு இல்லை, ஆழமும் இல்லை. கிரெகரியின் கதையான எட்டாவதுக்கு 2007இல், காதல் நாவல்களுக்கான ரீட்டா விருது கிடைத்தது. இருந்தும், தேவாலயத்தில் கல்யாணத்தைத் தடுக்க ஓடுவதும், முடிவில் ஒன்பது பிள்ளைகள் பெறுவதும், களைத்துப்போன ஒரு வரிசை சத்தத்தைக் கூட்டுவதாகவே படுகிறது.

மற்ற நீண்ட வரிசைகளோடு ஒப்பிட்டால் பிரிட்ஜர்டனின் பலம் புரியும். ஜே.டி. ரொப் என்ற பெயரில் நோரா ரொபர்ட்ஸ் 1995இல் தொடங்கிய 'இன் டெத்' வரிசை ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதில் ஜோடி மாறுவதில்லை; வழக்கு மாறுகிறது, வீடு அதே வீடு. நடுவே பத்தை விட்டாலும் குற்றமில்லை. ஜெனட் எவனோவிச்சின் ஸ்டெஃபனி பிளம் வரிசை 1994இலிருந்து முப்பதுக்கு மேல் போய்விட்டது. இரண்டு ஆண்களுக்கு நடுவே நிற்கும் பெண் இன்னும் நின்றுகொண்டேயிருக்கிறாள். அங்கே சலிப்பு கோபமாக மாறுகிறது, நியாயமான கோபம். 'அவுட்லாண்டர்' வரிசையில் எட்டாவது 2014, ஒன்பதாவது 2021. அங்கே சிக்கல் மறதி. கைபேசியில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வரும் தமிழ்க் காதல் தொடர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு: அடுத்தடுத்த மூன்று அத்தியாயத்தை வாசித்துவிட்டு, இருவருக்கும் நடுவே என்ன மாறியது என்று ஒரு வசனத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் டேட்டாவை மிச்சம் பிடிக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பழைய பதிப்பில் ஒரே பின்னுரை. புதிய மறுபதிப்புகளில் இரண்டாம் பின்னுரையும் சேர்ந்திருக்கும். எட்டுக்கும் உரிய இரண்டாம் பின்னுரைகளும் வயலட்டின் சிறுகதையும் 2013இல் தனி நூலாக வந்தன. ஆகவே கையில் புதிய பதிப்பு இருந்தால் அந்த ஒன்பதாவது நூலை வயலட்டுக்காக மட்டும் வாங்கினால் போதும். ஏழாவதை மட்டும் பழைய பதிப்பில் வாங்கினால், நகை தேடும் கதையின் கடைசி முடிச்சு இல்லாமல் போகும். பழைய கடையில் எடுக்கும்போது கடைசி இருபது பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். மலிவுப் பதிப்பின் பசை காய்ந்தால் முதலில் உதிர்வது அந்தப் பக்கங்கள்தான். வீட்டில் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் சுவர் ஈரம் நேரே தாளுக்கு ஏறி, ஓரம் அலை அலையாக நெளிந்து பூஞ்சணம் பிடித்துவிடும். சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டு, வெயில் கண்ட நாளில் அலுமாரிக் கதவைத் திறந்து வைத்தால் போதும். புத்தகத்தை நேரே வெயிலில் போட்டால் பசை வெடிக்கும்.

குறைந்த செலவில் நிறைவான வாசிப்பு வேண்டுமென்றால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்ற வரிசையில் நான்கு நூல்கள். அதற்குப் பிறகும் அந்தக் குடும்பத்தை விட மனமில்லாதவர்கள் ஏழு, எட்டைத் தேடி அலைவதைவிட, ஒரு தலைமுறை முந்தைய, பிரிட்ஜர்டன்களின் அயல்வீட்டாரான ரோக்ஸ்பிகளின் வரிசையை எடுக்கலாம். 2016இலிருந்து 2020 வரை வந்த நான்கு நாவல்கள் அவை. வேறு வீடு, வேறு காலம், முதலாவதை எடுத்தால் முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.