காசு வாங்காமலே முடித்துக் கொடுத்தார்கள்
மாமனார் 1960களில் அமெரிக்கக் கடற்படையில் பாய்லர் ரூம் ஆள், குழாய்களைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் உறையைப் பிய்த்து மாற்றும்போது தூள் தலைமுடியில் மாவு மாதிரி ஒட்டுமாம். 50 வருடம் கழித்து மீசோதீலியோமா (ஆஸ்பெஸ்டாஸ் தூளால் வரும் புற்றுநோய்). முன்னாள் படைவீரர்களுக்கு அரசு தரும் ஊன இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முதலில் போன தனியார் ஏஜென்சி முன்பணம் கேட்டது (முதல் கிளெய்முக்குக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமே இல்லை!). அப்புறம்தான் எங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) முன்னாள் படைவீரர் அலுவலகம் போனோம். இலவசம். அங்கிருந்த அம்மா டிடி-214ஐ (படையிலிருந்து விடுவித்ததற்கான சான்றிதழ்) வைத்துக்கொண்டு எந்தக் கப்பல், என்ன வேலை என்று துருவித் துருவிக் கேட்டார். கப்பல் வேலையால் வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் எழுதினாலே போதும் என்றதும் அவர்தான். அரசு 100 சதவீத ஊனம் என்றே ஏற்றுக்கொண்டது. அந்தக் கவுண்டி அலுவலகத்தில் போன் மட்டும் எடுக்கவே மாட்டார்கள், நேரில் போங்கள்.