‘ஒரு புழு கூட இல்லை’ என்று விற்ற லைவ் ராக்: மரைன் டேங்க் போடுகிறவர்கள் கவனத்துக்கு

புதிதாக மரைன் டேங்க் (கடல்நீர் மீன் தொட்டி) அமைக்கப் போகிறவர்கள் லைவ் ராக், அதாவது பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் உயிர்ப்பாறை, வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்கப்பட்டது, மீன் நோய்க்குப் போடும் காப்பர் (செம்பு) மருந்து ஊறிய பாறை. விற்றவருக்கு அது தெரியும். பவளம் வளர்க்கத்தான் வாங்குகிறேன் என்று நான் தெளிவாகச் சொன்ன பிறகும் அதைத் தலையில் கட்டினார். நத்தை, இறால், ஹெர்மிட் நண்டு என்று அந்தத் தொட்டியில் விட்ட எதுவும் பிழைக்கவில்லை. இதே வேலையை யார் வேண்டுமானாலும் செய்ய முடியும் என்பதால், ஏமாற்றிய விதத்தை விரிவாக எழுதுகிறேன்.

லைவ் ராக் வாங்கும்போது எல்லோரும் கேட்கச் சொல்லும் கேள்விகளை நானும் கேட்டேன். க்யூர் ஆனதா? “முழுசா க்யூர் ஆனது சார், பல வாரமா நம்ம டேங்க்லதான் கிடக்கு” என்றார். பாறை கிடந்த தண்ணீரிலேயே அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் செய்து காட்டச் சொன்னேன். தயங்காமல் செய்தார், இரண்டும் பூஜ்யம். முகர்ந்து பார்த்தேன், அழுகிய முட்டை வாடை இல்லை. க்யூர் ஆகாத பாறையில் செத்த கடற்பஞ்சும் புழுக்களும் அழுகிக்கொண்டிருக்கும். அம்மோனியா எகிறும், நாற்றம் மூக்கைத் துளைக்கும். அப்படி எதுவும் இல்லை. அப்புறம் ஒரு பெரிய பாறையைத் தூக்கித் திருப்பிக் காட்டி அவர் சொன்னதுதான் முக்கியம்: “பாருங்க சார், ஒரு புழு கிடையாது, ஒரு நண்டு கிடையாது, ஐப்டேசியா கிடையாது. இவ்வளவு சுத்தமான ராக் எங்க தேடினாலும் கிடைக்காது.”

புதிதாக இறங்குகிறவர்களின் பயம் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. லைவ் ராக்கோடு மாண்டிஸ் இறால் வந்துவிடும், அது மீனையே அடித்துக் கொல்லும் என்று படித்திருப்போம். ஐப்டேசியா என்ற சின்ன அனிமோன் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் தொட்டி முழுக்கப் பெருகிவிடும், பிய்த்து எடுத்தால் மிச்சமிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும் என்று கேள்விப்பட்டிருப்போம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் ‘பூச்சியே இல்லாத பாறை’ என்றால் மனசு நிம்மதியாகிறது.

ஆனால் நல்ல லைவ் ராக்கில் உயிர் தெரிய வேண்டும். கோபிபாட், ஆம்பிபாட் போன்ற பொடிப் பொடியான கணுக்காலிகள் ஓடும். இடுக்குக்குள்ளிருந்து பிரிசில் புழு தலையை நீட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், பெரும்பாலானவை மீந்த தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிறவை. நிழலான அடிப்பக்கத்தில் கடற்பஞ்சு படர்ந்திருக்கும். சுண்ணாம்புக் குழாயில் வாழும் சின்னப் புழுக்கள் விசிறியை விரிக்கும். இதில் ஒன்று கூட இல்லாமல் ஒரு பாறை இருக்கிறது, ஆனால் அம்மோனியா மட்டும் பூஜ்யம் என்றால், அந்த உயிர்களை ஏதோ ஒன்று கொன்றிருக்கலாம். மருந்தளவுக் காப்பரால், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரிஃபையிங் பாக்டீரியா பெரும்பாலும் அழிந்துவிடாது. முதுகெலும்பில்லாத உயிர்கள்தான் அழியும். அதனால்தான் அந்த டெஸ்டை அவ்வளவு தைரியமாகச் செய்து காட்ட முடிந்தது.

வீட்டில் தொட்டியை அமைத்த பிறகும் முதலில் எல்லாம் நன்றாகவே போனது. அம்மோனியா சேர்த்துச் சோதித்தேன், பாறையிலிருந்த பாக்டீரியா அதைச் சட்டென்று தீர்த்துவிட்டது, நைட்ரேட் ஏறியது. உப்புத்தன்மை (ஒப்படர்த்தி அளவில்) 1.025, வெப்பநிலை 26 டிகிரி. ஜோடி கோமாளி மீன் விட்டேன், தின்றன, விளையாடின. பிறகு பாசி தின்னும் நத்தைகளை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து பழக்கித்தான் விட்டேன். அவை கண்ணாடியில் ஏறவே இல்லை. கவிழ்ந்து கிடந்தன, சதை வெளியே தொங்கியது. கிளீனர் இறால் துடிதுடித்துப் பக்கவாட்டில் விழுந்தது. மீன்கள் எதுவும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நத்தையும் இறாலும் மட்டும் சாகின்றன என்றால் முதலில் காப்பரைச் சந்தேகப்பட வேண்டும். மீன் தாங்கிக்கொள்ளும் அளவில் மிகச் சிறிய பங்கே இவற்றைக் கொன்றுவிடும்.

இன்னொன்றும் நடந்தது. கடையில் ஊதா நிறத்தில் ஜொலித்த பாறை என் தொட்டியின் வெள்ளை வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரிந்தது. பாறை மேல் படரும் கோரலைன் பாசியின் ஊதா அங்கங்கே திட்டாக மட்டுமே இருந்தது, அதுவும் வெளுத்துப் போனது. கடையில் நீல விளக்கு மட்டுமே எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பாறையின் உண்மையான நிறம் தெரியாது.

காப்பர் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். தொட்டித் தண்ணீரில் காப்பர் இருந்தது. பழி பாறை மேல்தான் என்று உறுதி செய்ய, புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரை அதே கிட்டில் சோதித்தேன், அதில் இல்லை. அந்தத் தண்ணீரை வாளியில் எடுத்து, ஒரு பாறையைப் போட்டு வைத்து மறுபடி பார்த்தபோது நிறம் ஏறியது. உலோகங்களை உறிஞ்சும் ஒருவகை வடிகட்டிப் பேட் உண்டு, காப்பரைப் பிடித்தால் நீலமாகும். அதையும் போட்டேன், நீலம் பிடித்தது.

கடைக்குப் போனேன். முதலில் “உங்க தண்ணில பிரச்சனை சார்” என்றார். வாளியில் செய்த சோதனையைக் காட்டியதும், நத்தை வந்த இடம் சரியில்லை என்றார். கடைசியில் அங்கே வேலை செய்யும் பையன்தான் பேச்சுவாக்கில் உண்மையைச் சொன்னான்: அந்தத் தொட்டி, புதிதாக வரும் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் மருந்து போடும் தொட்டி. அதற்குப் பிறகும் கடைக்காரர் விடவில்லை. “காப்பர் எல்லாம் தண்ணியோட போயிடும் சார், ரெண்டு தடவை தண்ணி மாத்துங்க” என்றார். பணமும் திரும்ப வரவில்லை, பாறையும் மாற்றித் தரவில்லை.

அந்தக் கடைசிப் பதில்தான் எல்லாவற்றையும்விட மோசமான பொய். லைவ் ராக் என்பது கால்சியம் கார்பனேட், பழைய பவளங்களின் எலும்புக்கூடு. அது காப்பரைத் தன் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளிக்குச் சாதாரணமாகத் தரப்படும் அயனிக் காப்பரின் (எதோடும் பிணையாமல் கரைந்திருக்கும் காப்பர்) அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. சிகிச்சைத் தொட்டியில் பாறையோ மணலோ போடக் கூடாது என்பது அந்த மருந்தைக் கையாளும் எவருக்கும் தெரிந்த பாலபாடம், ஏனென்றால் பாறை மருந்தை இழுத்துக்கொள்ளும், தண்ணீரில் அளவு குறையும். குறைந்ததும் மறுபடி மருந்து ஊற்றுவார்கள், பாறை மறுபடி இழுக்கும். இப்படித் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு காப்பர் பாறைக்குள் சேர்ந்துவிடுகிறது. பிறகு தண்ணீரின் பிஎச் இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். இரண்டு முறை தண்ணீர் மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

விற்கும்போது, இது பீஜி நாட்டிலிருந்து வந்த ‘பீஜி ராக்’ என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்தக் கதையையும் பிற்பாடுதான் சரிபார்த்தேன். பீஜி அரசு 2017 இறுதியில் பவளம், உயிர்ப்பாறை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கல் பவளங்கள் முழுவதும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன, லைவ் ராக்கும் அதில் அடங்கும். எல்லை தாண்டி வரும் சரக்குக்கு அனுமதித் தாள் இருக்க வேண்டும். ஊர்ப் பெயர் சொல்லி விற்பவரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். உங்கள் பகுதியில் கடலிலிருந்து பாறை எடுக்கவும் வைத்திருக்கவும் என்ன சட்டம் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். காப்பர் டெஸ்ட் கிட்டைக் கையோடு கொண்டுபோய், பாறை கிடக்கும் தண்ணீரைச் சோதியுங்கள். அயனிக் காப்பரை மட்டும் காட்டும் கிட்டும் உண்டு, வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்த வகைக் காப்பர் மருந்துகளை அது சரியாகக் காட்டாது. மொத்தக் காப்பரையும் அளக்கும் கிட்டாகப் பாருங்கள். தண்ணீரை அன்று காலையில்தான் மாற்றியிருந்தால் அந்த டெஸ்டும் ஏமாற்றிவிடும். அதனால் நான் அதிகம் நம்புவது அந்தத் தொட்டியில் வாழும் நத்தையை. பாறை இருக்கும் அதே தொட்டியில் நத்தையோ ஹெர்மிட் நண்டோ நாள்கணக்காக வாழ்ந்து, மேய்ந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். எடைக்கு விற்பதால் கனமான, இறுகிய கற்களைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. நுண்துளைகள் நிறைந்த, பருமனைப் பார்க்க எடை குறைந்த பாறைதான் பாக்டீரியாவுக்கு இடம் தரும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: அமிலத்தில் கழுவினால் மேல் அடுக்கு கரையும், ஆனால் துளைக்குள் போனது போய்விட்டது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. பவளத் தொட்டிக்கு அந்தப் பாறை இனி வேண்டாம், மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது காப்பர் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். தொட்டியில் மீதமிருப்பதை ஆக்டிவேட்டட் கார்பனும் உலோகம் உறிஞ்சும் ரெசினும் போட்டு, டெஸ்ட் பூஜ்யம் காட்டும்வரை எடுக்க வேண்டும். பவளமணலையும் மாற்றிவிடுங்கள், அதுவும் அதே கார்பனேட்தான்.

பாறையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். பாறையில் ஜோவாந்திட் (பவளத்துக்கு உறவான, பாறையில் ஒட்டி வளரும் உயிர்) இருந்தால், அதன் சில வகைகளிலுள்ள பாலிடாக்சின் என்ற கடும் நச்சு ஆவியோடு காற்றில் பரவக்கூடும். இப்படி வீட்டில் இருந்த எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

இரண்டாவது முறை நான் லைவ் ராக்கைக் கடையில் வாங்கவில்லை. செத்த, காய்ந்த பாறையை வாங்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பாசியை வளர்க்கும் பாஸ்பேட் கசிகிறதா என்று பார்த்தேன். அதோடு, பல வருடமாகப் பவளம் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து உள்ளங்கை அளவு பாறைத் துண்டு ஒன்றை வாங்கி உள்ளே வைத்தேன். ஐப்டேசியா இருக்கிறதா என்று ஒவ்வொரு இடுக்கையும் பார்த்துத்தான் வாங்கினேன். பாக்டீரியா பரவ நேரம் பிடித்தது, கோரலைன் படர இன்னும் அதிக நேரம் பிடித்தது. ஆனால் இந்தத் தொட்டியில் நத்தைகள் முட்டையிடுகின்றன.