பெரியமேட்டில் பழைய ஷூவுக்குப் புதிய அடி: ஒரு சீரமைப்புக் கடையின் மதிப்புரை

சென்னையில் தோல் வாங்க வேண்டுமென்றால் பெரியமேட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது காலணித் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே. சைடன்ஹாம்ஸ் சாலையையும் அதிலிருந்து பிரியும் தெருக்களையும் தோல் மண்டிகளும், சோல், பசை, ஆணி, நூல், கொக்கி என்று தனித்தனியே விற்கும் கடைகளும் நிறைத்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, தேய்ந்த ஷூக்களைப் பிரித்து அடி மாற்றிக் கொடுக்கும் சிறு கடைகளும் உண்டு. அப்படிப்பட்ட கடை ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. நடத்துபவரை வாடிக்கையாளர்கள் ‘பாய்’ என்றே அழைக்கிறார்கள்; தம் பெயர் வெளியே வருவதை அவர் விரும்பாததால் நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். முகவரி சொல்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நல்ல பழுதுபார்ப்பு எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், உங்கள் ஊரில் அதைச் செய்யக்கூடியவர் யார் என்பதை நீங்களே கண்டுகொள்ள முடியும்.

இந்தக் கடையை நான் உயர்வாக மதிப்பதற்கு முதன்மையான காரணம், இங்கே காலணியைப் பிரிக்கத் தெரிந்திருக்கிறது என்பதே. ஒட்டுவதற்கும் தைப்பதற்கும் பாலிஷ் போடுவதற்கும் ஆட்கள் நிறையவே கிடைக்கிறார்கள். ஆனால் இன்னொருவர் தைத்து முடித்த ஒன்றை, எந்தப் பகுதியும் சேதமாகாமல் கழற்றி எடுப்பதற்கு வேறு விதமான பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். பாய் இளமையில் ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். ஷூ எந்த வரிசையில் உருவாகிறது என்பது கைக்குத் தெரிந்திருப்பதால், எந்த வரிசையில் அதைக் கலைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் கொடுத்தது வெல்ட் என்னும் ஓரத் தோல் வார் வைத்துத் தைத்த கறுப்புத் தோல் ஷூ. நெடுநாள் உழைத்ததில் முன்பாதத்துக்கு அடியில் சோல் ஓட்டையாகி, ஹீல் வெளிப்புறமாகச் சரிந்திருந்தது. வாங்கியவுடன் விலை சொல்லாமல், பாய் முதலில் உள்ளே கையை விட்டு உள்ளட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு முனையைப் பிடித்து வளைத்து, மேல்தோலில் மடிப்பு விழும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியாக ஓரத் தையலை நகத்தால் நெருடினார். “உள்ள நல்லாருக்கு சார், வெல்ட்டும் தாங்கும். அடி மட்டும் மாத்தினாப் போதும். மேல வெடிச்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

அவர் ஏன் வெல்ட்டைப் பார்த்தார் என்பதை அறிய, ஷூவின் அடிப்பகுதி மேல்தோலோடு எப்படிச் சேர்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்று விற்பனைக்கு வரும் காலணிகளில் பெரும்பாலானவை பசையால் மட்டுமே ஒட்டப்பட்டவை. தையல் முறைகளில், அமெரிக்காவின் லைமன் பிளேக் 1858-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் உள்ளட்டையையும் மேல்தோலையும் சோலையும் ஒரே தையலில் சேர்த்துப் பிடித்தது. வேகமான முறைதான், ஆனால் ஒவ்வொரு முறை அடி மாற்றும்போதும் அதே தையலைத்தான் அறுத்துப் போட வேண்டியிருக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைஸ் முறையைக் கண்டறிந்த சார்ல்ஸ் குட்இயரின் மகன் 1870-களில் இயந்திரமயமாக்கிப் பரப்பிய வெல்ட் முறையில் தையல்கள் இரண்டு. முதலாவது, மேல்தோலையும், உள்ளட்டையின் அடியில் எழும்பி நிற்கும் விளிம்பையும், வெல்ட் எனப்படும் நீண்ட தோல் வாரையும் பிணைக்கிறது. இரண்டாவது, அந்த வாரையும் சோலையும் மட்டும் பிணைக்கிறது. எனவே சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை அறுத்தால் போதும். மேல்தோலின்மேல் கை வைக்க வேண்டியதே இல்லை. வெல்ட் நன்றாக இருக்கும்வரை இப்படிப் பலமுறை அடி மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான், பாயின் நகம் அங்கே போனது.

வேலையைக் கூடவே இருந்து பார்க்க அனுமதித்தார். ஹீலிலிருந்து தொடங்கினார். குறடால் ஆணிகளைப் பிடுங்கி, அடுக்கடுக்காக இருந்த தோல் துண்டுகளைக் கழற்றி, மேசை ஓரத்தில் வரிசை மாறாமல் வைத்தார். பிறகு சோலுக்கும் வெல்ட்டுக்கும் இடையே மெல்லிய கத்தியை நுழைத்து, நூலை மட்டும் அறுத்தபடி பாதத்தின் வளைவைச் சுற்றி வந்தார். கத்தியைத் தள்ளிய கை அசைந்ததைவிட ஷூவைத் திருப்பிய கைதான் அதிகம் அசைந்தது. சோல் கழன்று வந்ததும் உள்ளே தெரிந்த தக்கை நிரப்பு கறுத்துப் பொடிந்து, முன்பாதத்தின்கீழ் ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, பாத வளைவைத் தாங்கும் எஃகுத் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதிய தக்கையை வெட்டி ஒட்டி, மேடுபள்ளம் இல்லாமல் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினார். வாடிக்கையாளரின் கண்ணில் என்றுமே படாத வேலை இது. பழைய தக்கையின்மேலேயே புதிய சோலை ஒட்டிக் கொடுத்திருந்தாலும் வாங்கும்போது எனக்குத் தெரிந்திருக்காது. நடக்க நடக்கத்தான் காலடியில் பள்ளம் தட்டியிருக்கும்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. வெல்ட்டின் துளைகளில் சிக்கியிருந்த பழைய நூல் துணுக்குகளைக் குத்தூசியின் முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தார். புதிய சோலை அந்தப் பழைய துளைகளின் வழியாகவே தைப்பதற்கான ஏற்பாடு அது. இயந்திரத்தில் கொடுத்துத் தைத்தால், ஊசி தன் போக்கில் புதிய துளைகளைப் போட்டுக்கொண்டே போகும். ஓரிரு முறை அடி மாற்றியதும் வெல்ட் தபால்தலையின் ஓரம்போல் ஆகி, இழுத்தால் கிழிந்துவிடும். பாய் கையால் தைக்கிறார். குத்தூசியைப் பழைய துளைக்குள் விட்டுச் சோலைத் துளைத்து, தேன்மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையிலிருந்து அதே துளைக்குள் செலுத்தி, இரண்டு கைகளாலும் இழுத்து இறுக்குகிறார். இயந்திரத் தையலில் நூல் ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த முடிச்சுகளும் தளர்ந்துகொண்டே போகும். இந்த இரட்டைத் தையலில் ஒவ்வொரு துளையிலும் நூல் இரண்டு முறை கடந்திருப்பதால், ஓர் இழை தேய்ந்து அறுந்தாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

சோல் தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்தோலுக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது குரோமியம் உப்பில் பதனிட்ட மென்மையான தோல். சோலுக்கு அது ஆகாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, விறைப்பான, அடர்த்தியான தோல்தான் வேண்டும். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிடும் முறை தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழக்கில் இருந்ததுதான், ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் கப்பலேறிப் புகழ்பெற்று, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் என்னும் வேல வகை மரத்தின் பட்டைச் சாறு பெருமளவுக்குப் பிடித்துக்கொண்டது. பாய் சோல் தோலை வாங்கியபடியே ஒட்டுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் வற்றும் பதத்தில் பாத வடிவ இரும்புக் காலின்மேல் வைத்து, அகன்ற தலைச் சுத்தியலால் சீராக அடிக்கிறார். இழைகள் நெருங்கி இறுகினால் தேய்மானம் குறையும், ஈரமும் எளிதில் ஏறாது. தெருவில் நின்றால் கேட்கும் அந்தச் சத்தத்தை ஆணி அடிக்கும் சத்தம் என்றே இதுநாள்வரை எண்ணியிருந்தேன்.

விளிம்பு வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சோலின் ஓரத்தை முதலில் கத்தியால் சீவி, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து, சாயம் பூசி, சூடேற்றிய இரும்பால் மெழுகை உருக்கி ஏற்றினார். கண்ணாடித் துண்டு என்றதும் மலிவான உபாயம் என்று நினைத்துவிட வேண்டாம். உடைந்த கண்ணாடியின் கூர்மை அத்தனை மெல்லிய சீவலைத் தருவதால், காலணித் தொழிலில் வெகுகாலமாகவே அது ஒரு கருவி.

மேல்தோல் விஷயத்தில் பாயின் கருத்து கறாரானது: வெடித்த தோலை யாராலும் திரும்ப ஒன்றாக்க முடியாது, மெழுகும் சாயமும் அதை மறைக்கும், அவ்வளவுதான். என் ஷூவில் வெடிப்பு இல்லை என்றாலும், அடுக்கடுக்காக ஏறியிருந்த பழைய பாலிஷ் மடிப்புகளில் செதில் செதிலாக நின்றது. அதை முழுவதும் கரைத்து எடுத்து, தோலுக்குக் கிரீம் கொடுத்து, இரவு முழுவதும் ஊறவிட்ட பிறகே மெல்லிய பூச்சாக மெழுகுப் பாலிஷ் போட்டிருந்தார். முனையில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்துக் கண்ணாடிப் பளபளப்பைக் கொண்டுவந்திருந்தார். கால் மடங்கும் இடத்தில் அப்படிச் செய்யவில்லை. அங்கே மெழுகு தடித்தால் மறுநாளே விரிசல்விடும்.

அவர் வாங்க மறுப்பவற்றையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. நான் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளைஞர், பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து எடுத்த விலையுயர்ந்த ஷூவோடு வந்தார். அதன் சோல் கையில் பிடித்தாலே பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளால் ஆன சோலுக்கு நேரும் கதி இது. காற்றிலுள்ள ஈரப்பதம் அந்தப் பொருளின் வேதிப் பிணைப்புகளை மெல்ல உடைத்துவிடுவதால், போடாமலே வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் சோல் தானாக உதிர்கிறது. சென்னையின் கடற்காற்று அதற்குத் துணைபோகிறது. “இது மேல பசை நிக்காது தம்பி, எந்தக் கடையில ஒட்டினாலும் மறுபடி உதிர்ந்துரும். காசு வாங்குறது தப்பு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒட்டக்கூடிய ரப்பர் சோல்களை அவர் மறுப்பதில்லை. அதையும் இரு பக்கமும் எமரியால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம்வரை காயவிட்டு, சூடுகாட்டி அழுத்துகிறார். ஈரப் பசையிலேயே சேர்த்துக் கட்டிவைக்கும் அவசர வேலை அங்கே நடப்பதில்லை.

விலைக்கு வருவோம். தோல் சோல், புதிய தக்கை, ரப்பர் மேலடுக்கோடு ஹீல், மேல்தோல் சீரமைப்பு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. அதே தரத்தில் புதிய ஷூ வாங்க இதைப்போல் சில மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை வைத்துப் பார்த்தாலும், செலவான உழைப்பை வைத்துப் பார்த்தாலும் இது குறைவான கூலிதான். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருபவர்கள், தைப்பவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவதை அங்கேயே பார்த்தேன். இதைப் பணம் பற்றிய விஷயமாக மட்டும் நான் கருதவில்லை. தோலைத் தொடும் வேலையைப் பிறப்போடு கட்டிப்போட்டு, அதைச் செய்தவர்களைத் தள்ளிவைத்த சமூகம் நம்முடையது. அப்படித் தள்ளிவைக்கப்பட்ட அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரத் தமிழ்நாடு 2009-இல்தான் சட்டம் இயற்றியது. தெருவோரத்தில் குடைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவரின் திறமைக்குக் கூலியே நிர்ணயமாகாமல், ‘பார்த்துப் போட்டுக் கொடுப்பா’ என்று முடிந்துபோவதில் அந்தப் பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாய் வேலையைத் தொடங்கும் முன்பே தொகையைச் சொல்லிவிடுகிறார், குறைப்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன நாளில் ஷூ தயாராகவில்லை. தொலைபேசியில் கேட்டால் ‘நாளைக்கு’ என்ற பதில்தான் வருகிறது. அவசரமாகக் கல்யாணத்துக்குப் போட வேண்டியவர்கள் இந்தக் கடையை நம்பிவிடக் கூடாது. ரசீது கிடையாது, பணத்தை யுபிஐ வழியாக அனுப்பினால் அந்தப் பதிவுதான் சான்று. உட்காருவதற்கு ஒரே ஒரு முக்காலி, பசையின் நெடி தலைக்கு ஏறும் அளவுக்குச் சிறிய இடம். என் ஷூவில் சோல் ஓரத்தின் கறுப்பு, பழைய வெல்ட்டின் கறுப்போடு முழுவதும் இழையவில்லை; வெயிலில் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது. சுட்டிக்காட்டியபோது, சாயத்தை இன்னொரு முறை ஏற்றித் தருவதாகச் சொன்னார். எனக்கு அது பெரிய உறுத்தலாக இல்லாததால் விட்டுவிட்டேன். தைத்த வேலையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருநாள் நல்ல மழையில் நனைந்தும் ஓரம் எங்கும் வாய் பிளக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். தோல் சோலை ஓட்டையாகும்வரை விட்டுவைக்காமல், நடுவில் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும் நிலையிலேயே கொண்டுபோனால், உள்ளட்டை தப்பிக்கும், செலவும் குறையும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஈரக் காற்றில் தோலும் பசையும் காய நாளாகும். ஒரு காலில் மட்டும் பழுது என்றாலும் இரண்டு ஷூக்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் மட்டும் புதிய ஹீல் வைத்தால் இரு கால்களின் உயரமும் மாறிவிடும் என்று பாய் ஒற்றை ஷூவை வாங்குவதே இல்லை.