நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தள்ளுவண்டி தேவையா? கேளிக்கைப் பூங்காவுக்கான ஓர் ஒப்பீடு

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் குடும்பங்கள், ஐந்து வயதுப் பிள்ளையையும் ஸ்ட்ரோலர் எனும் குழந்தைத் தள்ளுவண்டியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டு வருவதை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் காணலாம். அதைப் பார்க்கும் உறவினர், "இவ்வளவு வளர்ந்த பிள்ளைக்கு நடக்க முடியாதா?" என்று கேட்காமல் விடுவதில்லை. வீட்டுக்கும் கடைவீதிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். நாள் முழுவதும் வெயிலில் அலைய வேண்டிய கேளிக்கைப் பூங்காவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளையை அங்கே அழைத்துச் செல்வோருக்கு நான்கு வழிகள் உள்ளன: வீட்டிலிருக்கும் வண்டியைக் கொண்டுபோவது, பூங்காவிலேயே வாடகைக்கு எடுப்பது, ஒக்கலிலோ தோளிலோ சுமப்பது, இடையிடையே உட்கார வைத்து நடத்தியே கூட்டிச் செல்வது. இவற்றுள் எது சரி என்பதைப் பிள்ளையின் வயதைவிட அந்தப் பூங்காவின் தரையும், வண்டியை நிறுத்திவைக்க அங்கிருக்கும் வசதியும்தான் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில், ஏரியைச் சுற்றிப் பல நாடுகளின் அரங்குகள் அமைந்திருக்கும் பகுதியை ஒரு முறை சுற்றி வருவதற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நுழைவாயிலிலிருந்து அங்கே போய்ச் சேர்வதும், மற்ற விளையாட்டுகளுக்கு இடையே அலைவதும், மாலையில் பேருந்து வரை திரும்புவதும் அந்தக் கணக்கில் சேரவில்லை. பெரியவர் ஓரடி வைக்கும் இடத்தில் பிள்ளை இரண்டடி வைக்கிறது. பள்ளிக்கு நன்றாக நடந்து போய்வரும் பிள்ளை பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே தரையில் உட்கார்ந்து அழுதால், அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. சமதளமாகவும் அகலமாகவும் பாதை போடப்பட்டிருக்கும் அத்தகைய பூங்காவில், ஆறு வயதுப் பிள்ளைக்கு வண்டி எடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் பரணில் கிடக்கும் பழைய வண்டியைத் துடைத்து எடுத்துச் செல்லலாமா? பெரும்பாலும் கூடாது. கைக்குழந்தைக்கு வாங்கிய வண்டிகள் பலவும் 15 கிலோ வரை மட்டுமே தாங்குமாறு செய்யப்பட்டவை. ஐரோப்பியத் தரநிலையும் 15 கிலோ வரையிலான வண்டிகளை ஒரு வகையாகவும், அதற்கு மேல் 22 கிலோ வரை தாங்குபவற்றைத் தனி வகையாகவும் பிரித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஐந்து வயதுப் பிள்ளையின் நடுத்தர எடை 18 கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டைப் படிக்காமல் கிளம்பக் கூடாது. எடை பொருந்தினாலும் உயரம் பொருந்த வேண்டும்: கால்பலகையைத் தாண்டித் தொங்கும் கால்கள் முன்சக்கரத்தில் உரசுகின்றனவா, தலை கூரைத்துணியில் முட்டுகிறதா என்பதைப் பிள்ளையை உட்கார வைத்து வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கே உரிய இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தண்ணீர்ப் புட்டிகள், மாற்றுத்துணி, தின்பண்டம் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக் கைப்பிடியில் மாட்டிவிடுகிறோம். கைக்குழந்தையானால் நாம் தூக்கும்வரை அமர்ந்திருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையோ எதையாவது கண்டதும் தானே குதித்து இறங்கி ஓடிவிடும். முன்பக்கப் பாரம் நீங்கிய அந்தக் கணத்தில் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து, பை தரையில் மோதி, மேலே வைத்திருந்த கைப்பேசியும் சிதறும். பிள்ளை பாதி இறங்கிய நிலையில் அது நடந்தால் காயமே படலாம். பையை இருக்கைக்குக் கீழேயுள்ள கூடையில் வைப்பதும், நின்றவுடன் சக்கரப் பூட்டை மிதிப்பதும் இந்த வயதில்தான் மிகவும் தேவைப்படுகின்றன. வெயிலுக்காகக் கனத்த துண்டால் வண்டியை முழுவதுமாக மூடுவதும் தவறு. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும்.

வாடகை வண்டியின் பெரிய நன்மை, அதை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம் என்பதே. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, இடையில் ஓரிடத்தில் மாறி, பெட்டிகளோடு வண்டியையும் கவனித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றை வண்டி 50 பவுண்டு, அதாவது சுமார் 22.7 கிலோ வரையுள்ள பிள்ளைக்கு உரியது. ஆனால் அதைப் பூங்காவின் வாயிலுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பிள்ளை கண்ணயர்ந்து துவளுவதோ, இரவில் வாயிலைத் தாண்டிப் பேருந்துக்கோ ஊர்திக்கோ நடக்கும் அந்தக் கடைசித் தூரத்தில்தான். சொந்த வண்டி அங்கேதான் முந்துகிறது. எனினும் டிஸ்னி 2019 மே மாதம் முதல் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அனுமதிப்பதில்லை. இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து இழுக்கும் வேகன் வகைக்கும் அங்கே தடை உண்டு.

எந்த வண்டியானாலும் அதனால் தீராத சிக்கல் ஒன்று உண்டு: வரிசையில் நிற்பது. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு வண்டியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் வரிசையில் சேர வேண்டும். பிள்ளையை மிகவும் களைப்படையச் செய்வது அந்த நிற்றலே. அங்கே ஒக்கல்தான் கைகொடுக்கும். சுசீந்திரம் தேரோட்டத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்றி நிற்கும் தகப்பன்மார் இதை நன்கு அறிவர். தோளிலிருக்கும் பிள்ளை கூட்டத்துக்கு மேலே காட்சியைப் பார்க்கும், கூட்டத்தில் தொலையவும் தொலையாது. ஆனால் 18 கிலோவை ஒருவர் தாங்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. உப்பு மூட்டையாகச் சுமந்தால் பாரம் முதுகில் பரவுவதால் சற்றுக் கூடுதலாகத் தாங்கலாம். தாத்தா பாட்டியோடு செல்லும் குடும்பங்களில் இந்த வழி எடுபடாது. முழங்கால் வலியுள்ள பாட்டியால் பேரனைத் தூக்க முடியாது. சமதளத்தில் வண்டியைத் தள்ள முடியும். நம் வீடுகளில் பிள்ளையோடு நிழலில் காத்திருக்கும் பொறுப்பு பாட்டியிடமே வந்து சேர்வதால், இதைச் சிறிய காரணமாக ஒதுக்க இயலாது.

நம் குமரி மாவட்டத்திலிருந்து போய்வரும் இடங்களுக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. நீர் விளையாட்டுப் பூங்காக்களில் பிள்ளை பெரும்பகுதி நேரம் தண்ணீரில் இருக்கும். வண்டி ஓரத்தில் நனைந்துகொண்டிருக்கும். கன்னியாகுமரியின் பேவாட்ச் போன்ற சிறிய பூங்காவுக்கு வண்டி வேண்டியதே இல்லை. கொச்சியிலுள்ள வொண்டர்லா பெரியதுதான். அங்கும் நனைந்த பிள்ளையை ஈரத்தோடு வண்டியில் அமர்த்துவதைவிட, மதியம் ஒரு மணிநேரம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட வைத்து, பிறகு நடத்தியே கூட்டிச் செல்வது நல்லது. தொடருந்தில் போகிறவர்கள் வண்டியை நினைக்கவே வேண்டாம். விவேகானந்தர் பாறைக்குப் படகில் ஏறி இறங்கவும், பாறையின் படிகளில் ஏறவும், பத்மநாபபுரம் அரண்மனையின் குறுகலான மரப்படிகளைக் கடக்கவும் பிள்ளையின் கால்களும் பெற்றோரின் கைகளுமே உதவும்.

நடப்பதில் சிரமமுள்ள பிள்ளைக்கும், இரைச்சலையும் கூட்டத்தையும் தாங்க முடியாத பிள்ளைக்கும் மேலே சொன்ன வயதுக் கணக்கு எதுவும் பொருந்தாது. எட்டு வயதானாலும் பத்து வயதானாலும் அவர்களுக்கு வண்டி அவசியமான துணைக்கருவி. அத்தகைய பிள்ளையின் ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகவே கருதி வரிசைக்குள் அனுமதிப்பதற்கான அடையாளச் சீட்டை டிஸ்னி பூங்காக்களின் விருந்தினர் சேவை மையத்தில் கேட்டுப் பெறலாம். நம் பக்கத்துப் பூங்காக்களுக்குச் செல்வோர், சக்கர நாற்காலி கிடைக்குமா, எந்தெந்த விளையாட்டு வரை அது போகும், சரிவுப் பாதை எங்கே இருக்கிறது என்பவற்றை நுழைவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.