சக்தியின் இசைத்தட்டுகள்: கச்சேரிப் பதிவுக்கே என் வாக்கு

ஒரு குழு இரண்டு மூன்று ஸ்டுடியோ தட்டுகளால் பெயர் வாங்கிய பிறகுதான் கச்சேரிப் பதிவு ஒன்றை வெளியிடும். இசை வணிகத்தில் அதுதான் வழக்கம். மேற்கத்திய ஜாஸும் நம் ராக இசையும் கலந்து வாசித்த சக்தி குழு அந்த வழக்கத்துக்கு நேர் எதிராகத் தொடங்கியது. 1976-இல் வெளியான அதன் முதல் தட்டு, 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவிலுள்ள சவுத்தாம்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. அடுத்த இரண்டு தட்டுகள் ஸ்டுடியோவில் உருவாயின. பின்னர் நெடுங்காலம் கச்சேரிப் பதிவுகளே வந்தன. 2023-இல், நாற்பத்தாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, மீண்டும் ஒரு ஸ்டுடியோ தட்டு வந்தது. மேடைப் பதிவா, ஸ்டுடியோ பதிவா என்ற பழைய வழக்கை விசாரிக்க இதைவிடப் பொருத்தமான குழு எனக்குத் தெரியவில்லை. இவற்றில் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குழுவின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிதார் வாசித்த ஜான் மெக்லாக்லின் அதற்குமுன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவில் காதைப் பிளக்கும் மின்கிதாரால் புகழ்பெற்றிருந்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். முதல் தட்டில் மட்டும் மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன். மெக்லாக்லினுக்காகச் செய்யப்பட்ட கிதாரில் மெட்டுக்கட்டைகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரலால் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, பிடிக்க அது வசதி செய்தது. கிதாரின் வாய்க்குக் குறுக்கே ஏழு சுருதித் தந்திகள் சாய்வாக ஓடின. இந்த ஏற்பாடு ராக இசையின் வளைவுகளுக்காகவே செய்யப்பட்டது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் உணரலாம்.

முதல் தட்டில் மூன்றே உருப்படிகள். பதினெட்டு நிமிடம் ஓடும் 'ஜாய்', ஐந்து நிமிடத்துக்கும் குறைவான 'லோட்டஸ் ஃபீட்', ஏறக்குறைய இருபத்தொன்பது நிமிடம் நீண்டு இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஒரு பெரிய உருப்படி. 'ஜாய்' தொடங்கும் வேகம் இன்றும் என்னைத் திகைக்க வைக்கிறது. கிதாரும் வயலினும் ஒரே ஸ்வர வரிசையை ஒரே மூச்சில் இழைந்து வாசிப்பதை எத்தனை முறை ஒத்திகை பார்த்திருந்தாலும், மேடையில் அது தவறிப்போகும் அபாயம் ஒவ்வொரு நொடியும் கூடவே இருக்கிறது. அந்த அபாயமும் நம் காதில் விழுகிறது. பின்னர் ஒருவர் ஒரு சங்கதியைப் போட, மற்றவர் அதை வாங்கித் திருப்பித் தர, ஆளுக்குக் கிடைக்கும் ஆவர்த்தனங்கள் (தாளச் சுற்றுகள்) பாதியாகி, பாதி காலாகி, கடைசியில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாசிக்கும் அளவுக்கு இடைவெளி குறைந்துவிடுகிறது. கல்பனாஸ்வரம் (அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) பாடுபவரும் பக்கவாத்தியக்காரரும் மோதிக்கொள்வதை நம் சபாக்களில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவே இராது. மெக்லாக்லினின் பழைய மின்கிதாருக்காக வந்திருக்கக்கூடிய ஓர் அமெரிக்கக் கல்லூரிக் கூட்டத்துக்கு முன்னால் இது நடக்கிறது என்பதுதான் புதுமை.

சக்தியின் இசை எழுதி முடிக்கப்பட்ட பாட்டன்று. மெட்டு ஒரு சட்டகம். அதற்குள் நிகழும் மனோதர்மமே, அதாவது அந்தக் கணத்தில் பிறக்கும் கற்பனையே, உருப்படி. அத்தகைய இசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் தேவை. சக வாத்தியக்காரரின் முகத்தைப் பார்த்து அவர் எங்கே கோர்வையை (முடிவுக்கான தாள அமைப்பை) முடிக்கப்போகிறார் என்று ஊகிப்பதும், ரசிகரின் ஒரு 'பலே' கிடைத்ததும் இன்னொரு சுற்று நீட்டுவதும் மேடையில்தான் கைகூடும். கச்சேரிப் பதிவுக்கு நான் வாக்களிப்பது இதனால்தான்.

ஆனால் கச்சேரிப் பதிவின் குறையையும் மறைக்கக் கூடாது. முதல் தட்டில் கடம் பெரும்பாலும் தபலாவின் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. குடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் விநாயக்ராம் எழுப்பும் அடித்தள நாதம் அந்த மேடையின் மைக்குகளில் சரியாகச் சிக்கவில்லை. கழுத்தருகே விரல்நகம் தட்டும் கூர்மையான ஒலி மட்டுமே துலக்கமாகக் கேட்கிறது.

இந்தக் குறையை நேர்செய்வதற்காகவே 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' தட்டை இரண்டாவதாக வாங்கச் சொல்வேன். 1976-இல் லண்டனின் டிரைடென்ட் ஸ்டுடியோவில் பதிவான இதில் ஒவ்வொரு வாத்தியமும் தனக்குரிய இடத்தில் துலங்குகிறது. முதல் உருப்படியான 'லா டான்ஸ் டு போனர்', தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலுடன் தொடங்கும். பள்ளிப் பருவத்தில் மிருதங்க வகுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றவன் நான்; சொற்கட்டுகள் இவ்வளவு துல்லியமாக, பக்கத்தில் அமர்ந்து ஒருவர் சொல்வதைப்போல் கேட்டதும் என் கை தானாகவே தாளம் போடத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டும் 'இந்தியா', பதினைந்து நிமிட 'ஐசிஸ்' ஆகியவற்றில் ஸ்டுடியோவுக்குள்ளேயே கச்சேரியின் விரிவை அவர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டைச் சாந்தமாக முடித்து வைக்கும் 'டூ சிஸ்டர்ஸ்' இரவு உறங்கப்போகும் முன் கேட்க ஏற்றது. மேடையில் இவ்வளவு தணிந்த வாசிப்பு கூட்டத்தின் இருமலில் கரைந்துபோயிருக்கும்.

1977-இல் வந்த 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. எட்டு உருப்படிகள், மிக நீளமானதே ஏழு நிமிடம், ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மெட்டுகள் அழகானவை, ஆனால் ராகம் கால் ஊன்றுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தொகுப்பை முழுமையாக்க விரும்புபவர்கள் மட்டும் வாங்கலாம்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1997-இல், 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மீண்டும் கூடியபோது ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் சேர்ந்தது. அப்போது நடந்த பிரிட்டன் சுற்றுப்பயணத்தின் இரட்டைக் குறுந்தகட்டில் 'முக்தி' என்ற ஒரே உருப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. கச்சேரிப் பதிவின் வக்கீலாகிய நானே அதை ஒரே அமர்வில் முழுதாகக் கேட்டது இரண்டு முறைதான். எல்லா விரிவும் வளமாகிவிடாது. அரங்கில் கால் மரத்துப்போகாமல் உட்கார்ந்தவருக்கு அது தவமாக இருந்திருக்கலாம், வீட்டு வரவேற்பறையில் அது சோதனைதான்.

2000-இல் வெளியான 'தி பிலீவர்' வேறு தரம். சௌராசியாவின் இடத்துக்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார், விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா என்ற சிறு கைத்தோற்கருவியுடன் அமர்ந்தார். இதிலும் 'லோட்டஸ் ஃபீட்' உண்டு. அந்த ஒரு மெட்டையே மூன்று விதமாகக் கேட்கலாம். 1976-இல் வந்த மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' என்ற ஸ்டுடியோ தட்டில் அது ஓர் அழகிய துணுக்கு. 1975 கச்சேரியில் வயலினின் இழைப்பு அதைப் பிரார்த்தனையாக்குகிறது. 'தி பிலீவர்' பதிவிலோ, தந்தியைத் தட்டியதும் தேய்ந்துபோகும் இயல்புடைய மாண்டலினில் ஸ்ரீநிவாஸ் நீண்ட ஸ்வரங்களை எப்படி நிறுத்தினார் என்று வியந்தபடியே கேட்க வேண்டியிருக்கிறது. 2014-இல் அவர் மறைந்த பிறகு இதை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

கடைசியாக 'திஸ் மொமெண்ட்'. 2024-இல் கிராமி விருது பெற்ற இந்த ஸ்டுடியோ தட்டில் வயலின் கணேஷ் ராஜகோபாலன், குரல் சங்கர் மகாதேவன். கலைஞர்கள் ஒரே அறையில் கூடாமல் ஆளுக்கோர் ஊரில் இருந்தபடி பதிவுசெய்து அனுப்பி இணைத்தது இது. வேலைப்பாட்டில் பழுதில்லை. இருப்பினும், வங்காள ராகத்தில் அமைந்த தியாகராஜரின் 'கிரிராஜசுதா' கீர்த்தனையை இதில் கேட்டுவிட்டு, 2000 டிசம்பரில் மும்பை மேடையில் பதிவான 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' தட்டில் அதே கீர்த்தனையைக் கேளுங்கள். புதியதில் ஒவ்வொரு முத்தாய்ப்பும் அளந்து வைத்ததுபோல் விழுகிறது. மும்பைப் பதிவில் மாண்டலின் ஒரு திருப்பம் போட, குரல் அதைப் பிடித்துக்கொண்டு ஓட, தாளக்காரர்கள் துரத்த, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. தனித்தனி ஊரில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு வாசிப்பவர்களுக்குத் துரத்துவதற்கு யார் இருக்கிறார்கள்?

வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் தட்டைக் கறுப்பு இசைத்தட்டாகத் தேடாமல் குறுந்தகடாகவே வாங்குவது நல்லது. ஒரு பக்கத்தில் இருபத்தொன்பது நிமிடத்தை அடைக்க வேண்டுமானால் வரிப்பள்ளங்களை நெருக்கி, ஒலி அளவைத் தாழ்த்திப் பதிய வேண்டியிருக்கும். பழைய தட்டுக்கடை ஒன்றில் நல்ல விலை கொடுத்து நான் வாங்கிய பிரதியில், இரண்டாம் பக்கத்தின் மெதுவான தொடக்கத்தில் இசையைவிட ஊசியின் இரைச்சலே பெரிதாகக் கேட்டது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அட்டை அழகாக இருப்பதால் அது இப்போது சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது; கேட்பதற்குக் குறுந்தகட்டைத்தான் போடுகிறேன்.